ஏழு சுரமும் ஒருங்கே ஒலிக்கையில்

கருநாடக சங்கீதத்தை முறையாகப் பயின்று, இப்பொழுது பலருக்குப் பயிற்றியும் வரும் நண்பர் ஒருவர் ஒரு மாலைப்பொழுது என் இல்லத்துக்கு வந்திருந்தார். அவ்வேளை நான் ஜாஸ் இசைத்தட்டு ஒன்றைச் செவிமடுத்துக்கொண்டிருந்தேன். பியானோ மெல்லத் தொடங்கிற்று. சற்று நேரம் கண்ணை மூடியிருந்து கேட்ட நண்பர், "இஃதென்ன காணும்? ஐந்தாறு சுரங்களை ஒரே வேளையில் அமுக்கிவிட்டு இதைச் சங்கீதம் என்கிறீர். வகுப்பிலே ஆறு மாணவர் ஒருங்கே வாய் திறந்தால் அதற்குப் பெயர் இரைச்சல் அல்லவா?" என்றார்.

நகைத்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கியும் அசைத்தும் செல்லும் வழியிலேதான் நம் இசையின் உயிர் இருக்கிறது. அவ்வழியில் வளர்ந்த செவிக்குப் பல சுரங்கள் திரண்டு ஒரே கணத்தில் வந்து விழுவது முதலிற் குழப்பமாகவே தோன்றும். மேனாட்டு இசையில் இத்தகைய திரட்சியைக் 'கோர்ட்' என்பர். நாம் சுரக்கூட்டு எனலாம். சுரக்கூட்டுகளுள்ளும் மைனர் வகையைச் சார்ந்த விரிந்த கூட்டுகளே நண்பரைத் திகைக்கச் செய்தவை. அவை இரைச்சலா, அன்றி ஓர் ஒழுங்குடைய பேச்சா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலே நினைவிற் கொள்ளுதல் நன்று. பல சுரங்களை ஒருங்கே கேட்பது நமக்கும் புதிதன்று. தம்புராவின் தந்தியை மீட்டுங்கால் ஷட்ஜம் மட்டுமா ஒலிக்கிறது? அதனுள்ளிருந்து பஞ்சமமும், கூர்ந்து கேட்பார்க்கு அந்தர காந்தாரமும் தாமாகவே எழுகின்றன. ஒரு தந்தி அதிரும்பொழுது அதன் பாதியும், மூன்றிலொரு பங்கும், நான்கிலொரு பங்கும், ஐந்திலொரு பங்கும் உடனதிர்வதே காரணம். ஆகவே சுரக்கூட்டு என்பது இயற்கையில் ஏற்கெனவே மறைந்து கிடக்கும் ஒன்றை விரலால் வெளிக்கொணர்தல் என்று கூறுவதிற் பிழையில்லை.

மூன்றும் நான்கும்

பியானோவின் கட்டைகளை நோக்குவோம். ஒரு ஸ்தாயிக்குள் வெள்ளைக் கட்டை 7, கறுப்புக் கட்டை 5, ஆகப் 12. ஒரு கட்டையிலிருந்து அதற்கு அடுத்த கட்டைக்குச் செல்லுதல், அது வெள்ளையாயினும் கறுப்பாயினும், ஓர் அரைச்சுரத் தொலைவாகும். கறுப்புக் கட்டைகள் இரண்டு சேர்ந்து நிற்கும் இடத்தில் அவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் வெள்ளைக் கட்டையை மேனாட்டார் 'டி' என்பர். நம் பாடகர் இரண்டு கட்டைச் சுருதி என்று சொல்வதும் இதனையே. இதனை ஆதார ஷட்ஜமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்துச் சென்றால் எழுவது 22 ஆவது மேளமாகிய கரகரப்பிரியாவின் ஆரோகணம். மேனாட்டார் அதற்கிட்ட பெயர் டோரியன்.

இப்பொழுது அவ்வேழு கட்டைகளையும் ஒன்று விட்டு ஒன்றாக எடுப்போம். ச, க, ப என்னும் மூன்றும் சேர்ந்தால் மைனர்க் கூட்டு பிறக்கும். ஷட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரம் 3 அரைச்சுரம். அங்கிருந்து பஞ்சமம் 4 அரைச்சுரம். இந்த முறை மாறி, முதலில் 4 உம் பின்னர் 3 உம் வந்தால் அது மேஜர்க் கூட்டு. இரண்டுக்கும் அடியும் முடியும் ஒன்றே. நடுவில் நிற்கும் காந்தாரம் ஓர் அரைச்சுரம் இறங்குவதே வேற்றுமை. அவ்வளவு சிறிய இறக்கத்தினால் ஒளி மங்கி நிழல் படிந்தாற்போல் ஓர் உணர்வு உண்டாகிறது. மேஜரை மகிழ்ச்சிக்கும் மைனரைத் துயரத்துக்கும் உரியனவாக மேனாட்டார் கொள்வது இதுபற்றியே. இதிற் பழக்கத்தின் பங்கும் உண்டு என்பதை மறுக்க முடியாது. எனினும் மேலே தம்புராவிற் கண்ட இயற்கையும் ஓரளவு துணை நிற்கிறது. அடித்தந்தி தானாகவே எழுப்பும் அந்தர காந்தாரத்தோடு விரல் எழுப்பும் சாதாரண காந்தாரம் முற்றிலும் இணங்குவதில்லை. அந்த இணங்காமையும் நிழலின் ஒரு கூறு எனலாம்.

பஞ்சமத்தோடு நின்றுவிடாது மேலும் ஏறுவதே விரிவு எனப்படுவது. ச, க, ப என்பதன்மேல் நிஷாதத்தை ஏற்றினால் மைனர் ஏழு. அதன்மேல் அடுத்த ஸ்தாயி ரிஷபத்தை ஏற்றினால் மைனர் ஒன்பது. ரிஷபம் இரண்டாஞ் சுரமேயாயினும் மேல் ஸ்தாயியில் வருதலின் ஏழோடு இரண்டு சேர்த்து ஒன்பது என எண்ணினர். இவ்வாறே மத்திமம் பதினொன்றாகவும், தைவதம் பதின்மூன்றாகவும் அமையும். ச க ப நி ரி ம த என நிற்கும் இவ்வடுக்கில் ஒரு மேளத்தின் ஏழு சுரங்களும் ஒரே கணத்தில் அடங்கிவிடுகின்றன. இதற்கு மேல் ஏற்றுவதற்குச் சுரமில்லை.

இவ்வடுக்கின் இடைவெளிகளை எண்ணிப் பார்த்தால் ஓர் அழகு புலனாகும். 3, 4, 3, 4, 3, 4 அரைச்சுரம் என அவை மாறி மாறி வருகின்றன. தைவதத்திலிருந்து இன்னும் 3 அரைச்சுரம் ஏறினால், சரியாக இரண்டு ஸ்தாயி கடந்து, தொடங்கிய ஷட்ஜத்தையே அடைகின்றோம்.

இதனால் விளைவது யாது? அடுக்கில் அடுத்தடுத்த மூன்று சுரங்களை எங்கே வெட்டி எடுத்தாலும் ஒரு கூட்டுக் கிடைக்கும். ச க ப மைனர். க ப நி மேஜர். ப நி ரி மைனர். நி ரி ம மேஜர். ரி ம த மைனர். துயரத்தின்மேல் மகிழ்ச்சியும், அதன்மேற் துயரமும், மீண்டும் மகிழ்ச்சியுமாக அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. மைனர்க் கூட்டை விரிக்க விரிக்கச் சோகம் பெருகும் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. விரியுந்தோறும் அது தன்னுள் மகிழ்ச்சியையும் ஏற்றுக்கொள்கிறது. ஜாஸ் இசையில் இக்கூட்டுகளைக் கேட்கும்பொழுது, இஃது அழுகையோ ஆறுதலோ என்று துணிந்து கூற இயலாத ஒரு நிலை நம் உள்ளத்தில் எழுவதற்குக் காரணம் இதுவே.

இதனைச் சொல்லால் விளக்குவதிலும் விரலால் அறிவது எளிது. பியானோவின் நடுப்பகுதியில் வலக்கையாற் க, ப, நி, ரி என்னும் நான்கையும் ஒருங்கே வாசியுங்கள். தனியே கேட்பின் அது தெளிந்த ஒரு மேஜர்க் கூட்டு. அது மறையுமுன் இடக்கையின் ஒரு விரலால், கீழே தாழ்ந்த ஸ்தாயியில் ஷட்ஜத்தைத் தொடுங்கள். வலக்கை சிறிதும் அசையவில்லை. ஆயினும் அது வாசித்ததன் பொருள் முழுவதும் மாறிவிடும். அதுதான் மைனர் ஒன்பது.

விருந்தும் விலக்கும்

விரிந்த கூட்டுகள் மேஜரிலும் உண்டு. ஆனால் அங்கே பதினோராஞ் சுரமாகிய மத்திமம் எளிதில் இடம் பெறுவதில்லை. மேஜர்க் கூட்டின் அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அரைச்சுரமே உள்ளது, இரண்டும் மோதும். மைனரிலோ சாதாரண காந்தாரம் ஓர் அரைச்சுரம் கீழே இறங்கியிருத்தலின் மத்திமத்துக்குப் போதிய இடம் கிடைக்கிறது. காந்தாரம் தாழ்ந்து கொடுத்த இடத்தில் மத்திமம் விருந்தாக வந்து அமர்கிறது என்க. மைனர் பதினொன்று பியானோக் கலைஞர்க்கு இத்துணை உவப்பானது இதனாலேயே.

தைவதத்தைப் பொறுத்தமட்டில் எச்சரிக்கை வேண்டும். கரகரப்பிரியாவின் சதுச்சுருதி தைவதம் பஞ்சமத்துக்கு ஒரு முழுச்சுரம் மேலே நிற்றலின் கூட்டிற் பொருந்தும். நடபைரவியின் சுத்த தைவதமோ பஞ்சமத்தை அரைச்சுர அணுக்கத்தில் நெருக்கும். எனவே அதனைப் பெரும்பாலும் விலக்குவர். சதுச்சுருதி தைவதத்திலும் ஒரு சிக்கலுண்டு. காந்தாரத்துக்கும் அதற்கும் இடையே 6 அரைச்சுரம், அதாவது ஸ்தாயியிற் சரிபாதி. அந்த இடைவெளி செவியை ஓரிடத்தில் நிற்கவிடாது. வேறொரு கூட்டை நோக்கி உந்தும். நிற்க விரும்புவோர் தைவதத்தைத் தவிர்ப்பர். நகர விரும்புவோர் அதனைச் சேர்ப்பர்.

பகையும் நட்பும் கிளையும்

இனி, புத்தகத்திற் கண்டவாறே ஏழு சுரத்தையும் மூன்று மூன்றாக அடுக்கிக் கீழிருந்து மேலாக வாசிப்போமாயின் வருவது என் நண்பர் கூறிய இரைச்சல்தான். சிறப்பாகத் தாழ்ந்த ஸ்தாயியில் இரு சுரங்கள் மூன்றாஞ் சுரத் தொலைவில் நின்றால், அவற்றை வேறுபிரித்து உணரும் ஆற்றல் நம் செவிக்குக் குறைவு. ஒலி கலங்கிச் சேறாகும். எனவே கூட்டை அறிதல் வேறு, அதனை வாசித்தல் வேறு. எந்தச் சுரத்தை எங்கே வைப்பது, எதனை விடுவது என்பதிலேதான் கலை இருக்கிறது.

இவ்விடத்தில் நம் பழைய இசைநூல் மரபு எனக்குத் துணையாயிற்று. நின்ற நரம்பொன்றுக்கும் ஏனைய நரம்புகளுக்கும் உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காகச் சிலப்பதிகார உரை கூறும். ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றும் ஆறும் பகை. இடைக்காலத்து ஐரோப்பியரும் நான்கையும் ஐந்தையும் தூய இசைவாகப் போற்றி, மூன்றை நெடுநாள் ஐயுறவோடே நோக்கினர். 15 ஆம் நூற்றாண்டளவிலேதான் அது அவர்தம் இசையில் உரிமையோடு அமர்ந்தது. பின்னர் அவர்களுடைய சுரக்கூட்டு இலக்கணம் முழுவதும் அந்த மூன்றின்மேலேயே எழுப்பப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் பியானோக் கலைஞர், அதே சுரங்களை வைத்துக்கொண்டு, அவற்றை நட்பு முறையாலும் கிளை முறையாலும் மறுபடி அடுக்கிப் பார்த்தனர்.

நட்பு முறைக்குப் புகழ்பெற்ற சான்று அன்று மாலை என் வீட்டில் ஒலித்த இசைத்தட்டே. 1959 மார்ச் 2 ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பதிவான 'சோ வாட்' என்னும் இசை அது. அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த 'கைண்ட் ஒவ் புளூ' என்ற தொகுதியின் முதலாவது உருப்படி. குழுவின் தலைவர் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ். மொத்தம் 32 தாள அளவு கொண்ட அதன் அமைப்பு மிக எளிது. முதல் 16 அளவும் 'டி' யை ஆதாரமாகக் கொண்ட டோரியன்; அடுத்த 8 அளவு அதே மேளம் அரைச்சுரம் உயர்ந்து; இறுதி 8 அளவு மீண்டும் பழைய இடம். போல் சேம்பர்சின் பாஸ் வாத்தியம் ஒரு வாசகத்தைக் கேள்வி போல விடுக்கிறது. அதற்கு விடையாகப் பியானோ இரண்டே கூட்டுகளை வாசிக்கிறது.

முதலாவது கூட்டு ரி, ப, ச, ம, த. இரண்டாவது ச, ம, நி, க, ப. இவற்றை இவ்வரிசையிலேயே கீழிருந்து மேலாக வாசித்தல் வேண்டும். இரண்டாவதை எண்ணிப் பாருங்கள். சவுக்கு மவும், மவுக்கு நியும், நிக்குக் கவும் நான்காஞ் சுரங்கள், யாவும் நட்பு. முடியில் மட்டும் கவுக்கும் பவுக்கும் இடையே ஒரு மூன்று. முதலாவதும் இதே வடிவமே. ஒரு முழுச்சுரம் மேலே நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் கரகரப்பிரியாவின் ஏழு சுரமும் வந்துவிடுகின்றன. ஏழையும் ஒருங்கே திணிக்காமல் இரண்டு மூச்சாகப் பகிர்ந்தமையால் அவை காற்றோட்டமுள்ள வீட்டைப்போல் விளங்குகின்றன.

கிளை முறைக்கு, 1943 இற் பிலடெல்பியாவிற் பிறந்த கெனி பாரன் என்னும் பியானோக் கலைஞரின் பெயரால் வழங்கும் அடுக்கைக் காட்டலாம். இடக்கையிற் ச, ப, ரி. வலக்கையிற் க, நி, ம. ஒவ்வொரு கைக்குள்ளும் ஐந்தாஞ் சுரங்களே. இரு கைகளும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ரிஷபமும் காந்தாரமும் அரைச்சுர நெருக்கத்தில் உராய்கின்றன. அகன்ற வெளியின் நடுவில் அந்தச் சிறு உராய்வு இல்லையாயின் இக்கூட்டு வெறுமையாய்விடும்.

மூன்றாவது வழி விட்டுவிடுதல். டெபுஸ்ஸி, ராவெல் முதலிய பிரெஞ்சு இசையாசிரியரிடம் ஈடுபாடு மிக்க பில் எவன்ஸ், பாஸ் வாத்தியக்காரர் உடனிருக்கையில் ஷட்ஜத்தை அவருக்கே விட்டுவிட்டு, இடக்கையில் நி, ரி, க, ப என்னும் நான்கை மட்டும் வைத்துக்கொள்வார். கூட்டின் பெயரைத் தாங்கும் ஆதாரசுரமே அவர் கையில் இல்லை. கேட்போர் செவி அதனை நிரப்பிக்கொள்கிறது.

பழகுவோர்க்கு

கற்க விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். முதலில் அடுக்கை வாயாற் பாடிப் பழகுதல் வேண்டும். ச க ப நி ரி ம த என்று சுரம் பிடித்துப் பாடத் தெரிந்தவர்க்குக் கட்டைகள் தாமாகவே புலனாகும். பாடத் தெரியாது வடிவத்தை மட்டும் மனனஞ் செய்தவர்க்குச் சுருதி மாறியதும் கை தடுமாறும். இரண்டாவதாக, எதனை விடலாம் என்பதை அறிதல். முதலில் விடத்தக்கது பஞ்சமம்; ஷட்ஜத்தின் ஒலிக்குள்ளேயே அஃது அடங்கியிருக்கிறது. விடத்தகாதவை காந்தாரமும் நிஷாதமும். காந்தாரம் போனால் மைனர் என்ற அடையாளமே போய்விடும்.

மூன்றாவதாக, தாழ்ந்த ஸ்தாயியில் இடைவெளி அகலமாகவும், மேலே செல்லச் செல்ல நெருக்கமாகவும் சுரங்களை வைத்தல். தம்புராவும் தன் இயற்கை ஒலியை இவ்வொழுங்கிலேயே அடுக்கித் தருகிறது. நான்காவதாக, எல்லா விரல்களும் ஒரே வலிமையோடு அமுக்காதிருத்தல். மேலேயுள்ள சுரம் பாட்டாகவும், நடுவிலுள்ளவை அதன் நிழலாகவும் ஒலித்தல் வேண்டும். கை சிறியவர்கள் கெனி பாரன் அடுக்கின் இடக்கைச் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசித்துக் காற்பெடலினால் அவற்றைத் தாங்கலாம். 'டி' யிற் கைவந்த பின்னரே மற்றைய பதினொரு சுருதிகளுக்கும் செல்லுதல் நன்று. அங்கே கறுப்புக் கட்டைகள் புகுந்து வடிவம் மாறுமேயன்றி, 3, 4 என்னும் அந்த எண்ணிக்கை ஒருகாலும் மாறாது.

நண்பரின் விடை

இவற்றையெல்லாம் நான் அன்று ஒரே மூச்சிற் கூறிவிடவில்லை. வீட்டிலுள்ள பழைய பியானோவின் முன் நண்பரை இருத்தி, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கெனி பாரன் அடுக்கை வாசித்து, ஒலி நீளும்படி பெடலை அழுத்திக்கொண்டு, "இதன்மேற் கரகரப்பிரியாவைச் சற்றே பாடும்" என்றேன். தயங்கியே தொடங்கினார். ரிஷபத்தில் வந்து நின்றபொழுது கூட்டினுள்ளிருந்த ரிஷபம் அவர் குரலைத் தாங்கிற்று. காந்தாரத்தை அசைத்தபொழுது மட்டும் பியானோவின் அசையாக் காந்தாரம் குறுக்கே நின்றது. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

பாடி முடித்தபின், "சுரமெல்லாம் இருக்கின்றன, ராகம் இல்லை" என்றார்.

அவர் சொன்னது மெய். பியானோவின் சுத்தியல் தந்தியை அடித்த மறுகணமே ஒலி தேயத் தொடங்குகிறது. அதனை அசைக்கவோ வளைக்கவோ வாசிப்பவனால் இயலாது. ஒரு காந்தாரத்தை ரிஷபத்திலிருந்து தொட்டெழுப்பி, மத்திமத்தின் சாயலைக் காட்டி மீட்டுக்கொண்டு வரும் கமகம் அதற்கு வாய்க்கவில்லை. வாய்க்காதபடியாற்றான் ரிஷபத்தையும் மத்திமத்தையும் காந்தாரத்தின் அருகிலேயே ஒருங்கு நிறுத்தி, அம்மூன்றும் ஒன்றையொன்று சாயல் ஏற்றும்படி செய்தனர் போலும். நாம் காலத்திற் செய்வதை அவர்கள் அடுக்கிற் செய்கின்றனர். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒன்றிருக்க மற்றொன்று வேண்டா என்பதும் பொருந்தாது. இளையராஜா முதலியோரின் திரையிசை வாயிலாக இத்தகைய கூட்டுகள் நம் வீடுகளுக்குள் வந்து அரை நூற்றாண்டாகின்றது. கேட்டுப் பழகிய ஒன்றை இன்னதென்று அறிந்து கேட்பதற்கு நம் இசையாசிரியர்கள் மாணவரைத் தூண்டுவார்களாயின், அதனாற் கரகரப்பிரியாவுக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடாது.

விடைபெற எழுந்த நண்பர் வாசற்படி வரை சென்று திரும்பினார்.

"அந்த இசைத்தட்டிலே இரண்டு கூட்டு என்றீரே, அதில் இரண்டாவதை இன்னொருமுறை வாசியும்."

வாசித்தேன். ஒலி முற்றாகத் தேயும்வரை நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமற் செருப்பை மாட்டிக்கொண்டார்.